மரத்தின் கீழ் அகப்பட்டு நசுங்கிய சங்கிலி ரம்பத்தைப் பழுது பார்த்தல்

திருப்பூர் வட்டாரத்தில் மரம் வெட்டும் வேலைக்குக் குறைவில்லை. உடுமலை, மடத்துக்குளம் பக்கங்களில் கேரள வேர்வாடல் நோய் கண்டு காய்ப்பு நின்ற தென்னைகளை அடியோடு அகற்றும்படி நேர்ந்திருக்கிறது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் பட்டுப்போன வெள்வேல மரங்களும், தரிசுகளில் மண்டிய சீமைக்கருவேலும் வெட்டப்படுகின்றன. சாயப்பட்டறைப் பாய்லர்களுக்கு விறகு வேண்டியிருப்பதால் வெட்டிய மரம் வீணாவதுமில்லை. முன்னாளில் கோடாலியும் இருவர் இழுக்கும் ரம்பமும் செய்துவந்த இவ்வேலையை, பெட்ரோலால் ஓடும் சங்கிலி ரம்பம், அதாவது மரமறுக்கும் மெஷின் என்று நம் பக்கத்தில் வழங்கும் யந்திரம், ஏற்றுக்கொண்டுவிட்டது. இவ்வியந்திரம் விழும் மரத்தின் கீழ் அகப்பட்டு நசுங்குவது அபூர்வமன்று. அப்படி நசுங்கியதைப் பழுது பார்க்கலாமா, கழித்துவிடலாமா என்பதைத் தோட்டக்காரர்கள் தாங்களே நிதானிப்பதற்கு வேண்டிய விஷயங்கள் இங்கே கூறப்படுகின்றன.

விபத்து பெரும்பாலும் ஒரே விதமாய் நேரிடுகிறது. மரத்தின் சாய்மானத்தைச் சரியாய்க் கவனியாமல் பின்வெட்டு வெட்டும்போது, மரம் பின்னுக்கு அமர்ந்து வெட்டுவாய் மூடிக்கொள்ள, ரம்பம் அதற்குள் இறுகிப் போகிறது. பிறகு காற்றாலோ கயிற்றின் இழுப்பாலோ மரம் திடீரென்று பெயர்ந்து, அடித்தண்டு மெஷின்மேல் விழுகிறது அல்லது உருளுகிறது. புயலில் சாய்ந்த மரங்களில் வேறொரு விதம் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, நாகப்பட்டினம் ஜில்லாக்களில் தென்னைகளைச் சாய்த்தபோது, அவற்றை அப்புறப்படுத்த இம்மெஷின்கள் ஏராளமாய் உபயோகிக்கப்பட்டன. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன், மண் பற்றிய வேர்க்கட்டை பளுக் குறைந்து பழைய இடத்திற்கே திரும்பி விழக்கூடும். எவ்விதமாயினும், மரம் அசையக் கண்டவுடன் ஆள் மெஷினை விட்டுவிட்டு விலகிப்போவதே முறை. மெஷினை நசுங்க விட்டுவந்த வேலையாளைக் கடிந்துகொள்ளும் எஜமானர், மறுமுறை அவன் அதை இழுத்துக்கொண்டு மரத்தடியில் நிற்கும்படி தாமே செய்துவிடுகிறார்.

நசுங்கிய மெஷினை வெளியே எடுத்தவுடன், ஓடுகிறதா என்று கயிற்றை இழுத்துப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் உண்டாகும். அது கூடவே கூடாது. டாங்கி வெடித்துப் பெட்ரோல் கசிந்திருக்கலாம், பிரேக் முறிந்திருக்கலாம், எங்கேனும் காற்றுப் புகுந்தால் பெட்ரோல் கலவை நீர்த்து, எண்ணெய் போதாமல் பிஸ்டன் சில நிமிஷங்களிலேயே பிடித்துக்கொள்ளும். ஆகையால் முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை நெருப்பில்லாத இடத்தில் வடித்து, கையுறை அணிந்து செயினையும் கைடு பாரையும் அகற்றி, மரத்தூளையும் பிசுக்கையும் பனியன் வேஸ்ட்டால் சுத்தமாய்த் துடைத்தல் வேண்டும். அழுக்கின் கீழுள்ள கீறல் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு கவனிக்க வேண்டியது மெஷினின் எலும்புக்கூடு போன்ற கிராங்க் கேஸ். தொழில்முறை மெஷின்களில் இது மெக்னீசியம் கலந்த லேசான உலோகத்தால் வார்க்கப்பட்டது. விலை குறைந்த சிலவற்றில் வெளிக்கூடு பிளாஸ்டிக்கே. கைடு பாரைத் தாங்கும் போல்ட்டுகள் நிற்குமிடத்திலும், சிலிண்டர் அமருமிடத்திலும், கைப்பிடிகள் பிணையுமிடங்களிலும் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் அதைப் பற்றவைக்க எண்ணுதல் உசிதமன்று. மெக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும். சாதாரண வெல்டிங் பட்டறையில் அதற்குரிய சாதனம் இராது. ஒட்டுப் பசையோ எஞ்சினின் உஷ்ணத்தையும் அதிர்ச்சியையும் தாங்காது. கிராங்க் கேஸ் உடைந்த மெஷினை உதிரி பாகங்களுக்காக வைத்துக்கொள்வதே லாபம். போல்ட்டு மாத்திரம் வளைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கூடு பழுதில்லையெனில் கிராங்க் தண்டைப் பரீட்சிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, கயிறு சுற்றும் பக்கத்து மூடியையும் எடுத்துவிட்டு, மேக்னெட் சக்கரத்தைக் கையால் மெதுவாய்ச் சுற்றுக. சக்கரத்திற்கும் மின்சுருளுக்கும் நடுவேயுள்ள இடைவெளி, சாதாரணமாய் ஒரு விசிட்டிங் கார்டின் கனமேயிருப்பது, சுற்று முழுவதும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் உரசி ஓரிடத்தில் விலகினால் தண்டோ சக்கரமோ வளைந்ததென்று அறியலாம். மறுபக்கத்திலுள்ள கிளட்ச் டிரம்மையும் இவ்வாறே சுற்றிப் பார்க்க. கிளட்சைக் கழற்ற நேர்ந்தால், பெரும்பாலான மெஷின்களில் அதன் மரை இடப்புறத்து மரை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வழக்கப்படி திருப்பினால் மேலும் இறுகும். பிஸ்டன் அசையாதிருக்க ஸ்க்ரூடிரைவரைச் செருகாமல், முடிச்சிட்ட பருத்திக் கயிற்றை, நுனி வெளியே நிற்கும்படி பிளக் துவாரத்தின் வழியாக விடுக.

பின்கைப்பிடியும் பெட்ரோல் டாங்கியும் பல மெஷின்களில் ஒரே வார்ப்பு. மரம் விழுந்தால் முதலில் முறிவது இதுவே. புதிதாக மாற்றுவதும் கடினமன்று. ஆனால் அது முறியும்போது கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் உள்ளுக்குள்ளே கிழிந்திருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கிழிந்த குழாயுடன் ஓடும் எஞ்சின், விசையை விட்ட பிறகும் வேகம் தணியாமல் இரையும். உட்செல்லும் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்து, சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அளவாகக் காற்றடைத்து, முள் இறங்குகிறதா என்று பார்க்கும் கருவியுள்ள பட்டறையில் ஒரு தரம் சோதித்தல் நலம்.

வளைந்த கைடு பாரைச் சுத்தியலால் நிமிர்த்தி உபயோகித்தல் ஆகாது. விளிம்பிலுள்ள பிசிறை அரத்தால் ராவலாம். அதற்கு மேல் வேண்டாம். செயினில் ஒவ்வொரு கண்ணியும் தடையின்றி மடங்க வேண்டும். ஒன்று கீறியிருந்தாலும் முழுச் செயினையும் தள்ளுக. இன்றைய செயினின் வளைந்த பற்கள், மரத்தைக் குடையும் வண்டுப்புழுவின் தாடைகளைக் கண்டு ஜோசப் காக்ஸ் என்னும் அமெரிக்கர் அமைத்து 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தவை. காண்டாமிருக வண்டால் அல்லற்படும் தென்னை விவசாயிகளுக்கு இது வேடிக்கையாய்த் தோன்றலாம்.

பழுது பார்ப்போரிற் பலர் எஞ்சின் ஓடிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அபாயம். கைடு பாரின் நுனியில் மேற்பாதி மரத்தில் பட்டால், மெஷின் கண் இமைக்கும் முன்னே ஆளின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்துவது முன்கைக் காப்பும் அதனுடன் இணைந்த பிரேக்கும். 1970-களில் வழக்கத்திற்கு வந்த இவ்வமைப்பே மெஷின் நசுங்கும்போது முன்னதாக முறிகிறது. முறிந்த காப்பைக் கம்பியால் கட்டியும், சில இடங்களில் காப்பே இல்லாமலும் மரம் அறுக்கிறார்கள். அறுந்த செயினைப் பிடிக்கும் சிறு கொக்கி, அதிர்ச்சி தாங்கும் ரப்பர்கள், தவறுதலாய் விசை அழுந்தாமற் காக்கும் பின்பிடித் தடை ஆகியவற்றையும் இவ்விதமே அலட்சியம் செய்கிறார்கள். பணம் போதாதெனில் இவற்றை முதலில் வாங்கி, எஞ்சின் பாகங்களைப் பின்னால் வாங்குக.

எல்லாம் பூட்டிய பின், எஞ்சினை ஓட்டாமலே, மெஷினை மரக்கட்டைக்கு ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, முன்கையை விட்டு நுனியைக் கட்டைமேல் விழவிடுக. பிரேக் தானே விழ வேண்டும். பிறகு தயாரிப்பாளர் குறித்தபடி லிட்டருக்கு 20 அல்லது 40 மில்லி எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி, மெஷினைத் தரையில் வைத்துப் பின்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்க. விசை விட்ட நிலையில் செயின் நகரலாகாது. வேகமாய் ஓடும்போது காப்பை முன்தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும். நுனியை வெளிறிய கட்டையை நோக்கிப் பிடித்தால் எண்ணெய்க் கோடு தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மரத்தண்டை கொண்டுபோகக் கூடாது.

செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டுமானால் பழுது பார்ப்பதில் பொருளில்லை என்பது இதை எழுதுபவரின் அபிப்பிராயம். கூலிக்கு வந்த மெஷின் நசுங்கினால் நஷ்டம் யாரைச் சேர்ந்தது என்னும் வழக்கு ஊர்ப் பெரியவர்களிடம் வருவதுண்டு; மரத்தில் கயிறு கட்டும் முன்பே அதைப் பேசி எழுதிக்கொள்ளும்படி கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம். புறம்போக்கு மரமாயின் ரெவினியூ இலாகாவின் அனுமதியையும் அப்போதே கேட்டறிய வேண்டும். கழித்த மெஷினிலிருந்து கார்புரேட்டர், மின்சுருள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, வளைந்த கைடு பாரை இரண்டு துண்டாக்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போடுக. முழுதாய்ப் போட்டால் அது நிமிர்த்தப்பட்டு வேறொருவர் மெஷினில் ஏறிவிடும்.