கொழும்பு மாநகரின் இடப்பெயர்களும் ஆலயங்களும்

சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஏட்டுக்கு அப்பாலும் சான்றுகள் உளவென்பதை மாணாக்கர்க்கு உணர்த்துதல் வேண்டும். ஒரு கட்டிடம் இடிபட்டொழியினும், அதனைக் குறித்த பெயர் சனங்களின் நாவிலே தங்கி நிற்கும். ஆயினும் பெயரானது ஒருகால் உண்மையைக் காட்டும், ஒருகால் மறைக்கும். இவ்விரண்டினையும் பகுத்தறியும் பயிற்சிக்கு ஏற்ற களமாகக் கொழும்பு மாநகரின் நான்கு இடங்களை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

முதலாவது, கோட்டை. 1518 இல் போர்த்துக்கேயர் தொடங்கிய அரணை, 1656 இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் திருத்தியமைத்தனர். 1796 இல் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869 முதல் அவர்கள் மதில்களை இடிப்பித்தனர். மதில் பெரும்பாலும் ஒழிந்தபின்னும் அவ்விடம் கோட்டை என்றும், அதன் கிழக்கேயுள்ள கடைவீதிகள் புறக்கோட்டை என்றும் வழங்குகின்றன. மதில் ஓடிய எல்லை யாதென வினவும் மாணாக்கனுக்கு இவ்விரு பெயர்களுமே விடை கூறும்.

இரண்டாவது, கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இராக்காலத்தில் அடைத்துவைத்த இடம் இதுவே. ஆங்கிலேயர் இதனை அடிமைத்தீவு எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். நம்மவர் வழங்கும் பெயரிலோ அவ்வேழைகளின் துயர் சிறிதும் புலப்படவில்லை. ஆதலின் ஆசிரியர் இரு பெயர்களையும் கரும்பலகையில் ஒருங்கெழுதி, 1844 இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டமையையும் எடுத்துரைப்பாராக. ஒரு பெயரை மாத்திரம் கற்பிப்பின் பாதிச் சரித்திரம் மறைந்துபோம்.

மூன்றாவது, வுல்ஃபெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749 இல் அடிக்கல்லிட்டு, 1757 இல் வழிபாட்டிற்குத் திறந்த இக்கட்டிடம், தடித்த சுவர்களோடு சிலுவை வடிவாக மேட்டின்மேல் நிற்கின்றது. இதன் பெயர்க்குப் பொருள் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பதாம். மேட்டிலே பள்ளத்தாக்கு ஏது? ஓநாயே இல்லாத இலங்கையில் ஓநாய் எங்ஙனம் வந்தது? போர்த்துக்கேயர் காலத்தில் ஆங்கிருந்த குவாதலூப்பே மாதா கோயிலின் பெயரை ஒல்லாந்தர் பிறழக் கேட்டு, ஓநாய் எனப் பொருள்கொண்டனர் என்பர். இங்கே பெயர் மயக்கினும் கல் மயக்கவில்லை. கோட்டைக்குள் அடக்கஞ்செய்யப்பட்டிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்கள் 1813 இல் இவ்வாலயத்திற்குக் கொணரப்பட்டன. கல்லறைக் கற்கள் இன்றும் அவ்வாட்சிக்குச் சான்று பகர்கின்றன.

நான்காவது, கொச்சிக்கடை. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடுத்தனர். சைவ வழிபாட்டுக்கும் தடைகள் விதித்தனர். அக்காலத்தில் கொச்சியினின்றும் வந்த குரு ஒருவர் வணிகர்போலக் கடைவைத்து மறைந்து தொண்டாற்றினார் என்பதும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்பதும் கன்னபரம்பரை. இதனைச் சாசனச் சான்றுபோற் கூறாது, வழக்கென்றே கூறுதல் ஆசிரியர் கடன். இன்று அங்கே அந்தோனியார் ஆலயமும், பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் அண்மையில் நிற்கின்றன. பின்னையதை முதலியாரின் புதல்வர் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் கருங்கல்லாற் புதுக்கியமைத்தார். முன்னையது 2019 ஏப்ரல் 21 ஆகிய உயிர்த்த ஞாயிறன்று குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. வழிபட வந்தோர் பலர் மாண்டனர். பிறர் வழிபாட்டைப் பொறாமை எத்துணைக் கொடிதென்பதை இக்குறிச்சியின் பழமையும் அண்மையும் ஒருங்கே கற்பிக்கின்றன. சமய பாடத்திலும் இதனை மறத்தலாகாது.

இப்பாடத்தை முடிக்குமுன் மாணாக்கர் தம் குறிப்பேட்டில் நான்கு நிரல்கள் வரைக. இடப்பெயர், அதனை இட்டோர், கண்ணாற் காணும் சான்று, செவிவழி வழக்கு என அவற்றுக்குத் தலைப்பிடுக. பின்னர்த் தத்தம் ஊரின் ஒழுங்கை, குளம், கோயில் முதலியவற்றின் பெயர்களை முதியோரிடம் வினவி அந்நிரல்களை நிரப்புக. சான்றுள்ளதையும் வழக்கையும் வேறுவேறாக எழுதப் பழகிய பிள்ளை, பின்னாளில் எவர் கூற்றையும் ஆராய்ந்தே ஏற்கும். சரித்திர பாடத்தின் பயனும் அதுவேயாம்.