சாம்பலின் வலிமை

ஓரிடத்தில் கழிவென்று ஒதுக்கப்படும் பொருள் பிறிதோரிடத்தில் செல்வமாகும். எருவைப் பொறுத்தவரை இவ்வுண்மையை உழவர் நெடுங்காலமாக அறிவர். ஆலைக் கழிவுக்கும் இது பொருந்துமா? இதனையே ஈண்டு ஆராய்வோம்.

நான் கோபிநத்தத்தைச் சேர்ந்தவன். முன்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்திலும் அடங்கிய எங்கள் மலைக்காட்டு ஊரிலிருந்து காவிரியின் போக்கிலே இறங்கினால் மேட்டூரை அடையலாம். அங்குள்ள அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1987இல் இயங்கத் தொடங்கிற்று. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 முதல் 45 விழுக்காடு வரை உண்டு. மூன்று வண்டி கரியை எரித்தால் ஏறக்குறைய ஒரு வண்டி சாம்பல் எஞ்சும் என்று கொள்ளலாம். மற்றொரு பக்கம், சாலைக் கரைகளுக்காக நல்ல வயல் மண்ணை வெட்டி எடுக்கிறோம். மண்ணுக்கு மாற்றாகச் சாம்பலைக் கொட்டலாமே எனத் தோன்றும். ஆயின் அச்சாலையில் பாரவண்டி செல்லும், மழையும் பெய்யும். கரை நிற்குமா? விடையைச் சோதனையே தரவேண்டும்.

முதற் சோதனை, இறுக்கச் சோதனை. அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933இல் இதனை விளக்கினார். 1000 கன செண்டிமீட்டர் கொள்ளும் உருளை அச்சில் ஈரச் சாம்பலை மூன்று அடுக்காக இடுக. ஒவ்வோர் அடுக்கையும் 2.6 கிலோ சம்மட்டியால், 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 25 முறை இடிக்க. நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி இதனையே திரும்பச் செய்க. உலர் அடர்த்தி முதலில் ஏறும், பின்னர் இறங்கும். உச்சியில் உள்ள நீரளவே தக்க ஈரம். சாம்பல் மண்ணினும் இலேசானது; தக்க ஈரமோ மிகுதி. இலேசான கரை மெல்லிய நிலத்தின்மேல் குறைந்த சுமையையே ஏற்றும் என்பது ஒரு நன்மை.

இரண்டாவது, அமுக்கச் சோதனை. 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளையைச் செய்து, பக்கங்களில் தாங்கல் எதுவுமின்றி மேலிருந்து அமுக்குவர். உடைக்கும் சுமையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வலிமை கிடைக்கும்.

மூன்றாவது, கலிபோர்னியத் தாங்குதிறன் சோதனை. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை, நிமிடத்திற்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் இறுகிய சாம்பலுள் செலுத்துவர். 2.5 மில்லிமீட்டர் இறங்குவதற்கு வேண்டும் சுமையை 1370 கிலோ என்னும் அளவுகோலோடு ஒப்பிடுவர். கணக்கிற்காக அச்சுமை 274 கிலோ என்று கொள்வோம். தாங்குதிறன் 20 விழுக்காடு. அதே சாம்பலை நான்கு நாள் நீரில் ஊறவைத்தபின் 68.5 கிலோவே போதுமானால், தாங்குதிறன் 5 விழுக்காடே.

ஏன் இவ்வீழ்ச்சி? ஆற்றங்கரையில் சிறுவர் கட்டும் மணல் வீட்டை நினைவிற் கொள்க. ஈரம் சிறிதிருக்கையில் நுண்டுளைகளில் உள்ள நீர் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. அலை வந்ததும் வீடு கரைகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த சாம்பலின் ஒட்டும் இத்தகையதே. எனவே ஊறவைக்காது பெற்ற எண்ணை மட்டும் நம்பிக் கரை எழுப்புதல் தகாது. தளர்வாய் நீரூறிக் கிடக்கும் சாம்பலின் இயல்பை உலகம் 2008 திசம்பர் 22இல் கண்டது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்டனில் சாம்பற் குளத்தின் கரை உடைந்து, சுமார் 40 இலட்சம் கன மீட்டர் சாம்பற் சேறு வெளிப்போந்தது.

இக்குறைக்கு மருந்து உண்டு. சாம்பலிலுள்ள மணற்சத்து, நீற்றிய சுண்ணாம்போடும் நீரோடும் கூடி மெல்ல மெல்லச் சிமெண்டு போல் இறுகும். உரோமானியர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு கட்டியதும் இம்முறையிலேயே. ஆதலின் சுண்ணாம்பு கலந்த உருளைகளை 7 நாளும் 28 நாளும் ஈரங்காத்து வைத்தபின் சோதித்தல் வேண்டும். செய்த அன்றே சோதித்தால் அதன் முழு ஆற்றல் புலப்படாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதியாதலின், இரு சாம்பல்களையும் ஒன்றெனக் கருதலும் பிழை. கரையின் பக்கங்களை மழை அரிக்காதவாறு மண்ணால் மூடுதலும் இன்றியமையாதது.

வலிமை இருந்துவிட்டால் மட்டும் போதாது. சாம்பலில் ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்கள் சிறிதளவு உண்டு. அவை ஊறிக் கசிகின்றனவா என்றும் ஆராயவேண்டும். காவிரிக் கரையில் வாழும் எங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. குடிநீர் பற்றிய கேள்வி.

மாணவ நண்பர்களே! தாங்குதிறன் எண் ஒன்றைக் காணும்போது, "ஊறவைத்தபின் எவ்வளவு?" என்று கேளுங்கள். கரையின்மேல் நடப்போரின் பாதுகாப்பு அவ்வொரு வினாவில் அடங்கியுள்ளது.