நான்கு கட்டம், நான்கு கை

அன்புத் தங்கைக்கு,

குழந்தைகளுக்குக் காமிக்ஸ் பட்டறை நடத்தப் போகிறாய். முதல் நாளே ஒரு கேள்வி எழும்: நான்கு பேர் கொண்ட குழுவில் யார் எதைச் செய்வது? நன்றாக வரைகிறவன் படம் போடட்டும், கதை சொல்லத் தெரிந்தவள் வசனம் எழுதட்டும், மற்ற இருவரும் வண்ணம் அடிக்கட்டும் என்று பிரிப்பது சுலபம். அப்படிப் பிரிக்காதே. "எனக்கு வரைய வராது" என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "ஆமாம், வராதுதான்" என்று நீயே சொல்லி அனுப்புவதாக அது ஆகிவிடும். ஆளுக்கொரு கட்டம் கொடு. அந்தக் கட்டத்தின் படமும் வசனமும் அந்தப் பிள்ளையின் கையாலேயே வரட்டும்.

பெரிய காமிக்ஸ்கள் பலவும் வேலையைப் பிரித்துச் செய்தவைதானே என்று நீ கேட்கலாம். உண்மைதான். 1930களின் பிற்பாதியில் நியூயார்க்கில் வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும் நடத்திய ஸ்டுடியோவில் ஒருவர் பென்சிலில் வரைய, இன்னொருவர் அதன்மேல் மை தீட்ட, வேறொருவர் வசனங்களை எழுதினார். டின்டினைப் படைத்த ஹெர்ஜேயும் 1950இல் ஸ்டுடியோ அமைத்து உதவியாளர்களை வைத்துக்கொண்டார். ஆனால் குறித்த நாளுக்குள் பதிப்பாளரிடம் பக்கங்கள் போய்ச் சேர வேண்டிய நெருக்கடி அந்தத் தொழிலுக்கு இருந்தது. தவிர, அங்கே மை தீட்டியவருக்கும் வரையத் தெரியும். உன் பட்டறைக்கு அந்த நெருக்கடி கிடையாது. பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காகத்தான் அது நடக்கிறது.

ஓவியப் பயிற்சி இல்லாதவர்களால் காமிக்ஸ் செய்ய முடியுமா என்றால், நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கார்ட்டூனிஸ்ட் சரத் சர்மா தொடங்கிய 'வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா' கிராமத்து மக்களுக்குச் சுவரொட்டிக் காமிக்ஸ் கற்றுத்தருகிறது. இரண்டு ஏ4 தாள், நான்கு கட்டம், கறுப்பு மை, அவ்வளவுதான். ஜெராக்ஸ் எடுத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டிவிடலாம். கோடுகள் கரடுமுரடாக இருந்தாலும் ஊரார் நின்று படிக்கிறார்கள், ஏனென்றால் அதில் இருப்பது அவர்களுடைய பிரச்சினை. ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூலில் இன்னொரு காரணமும் கிடைக்கிறது: இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடுபட்டதை வாசகர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார். எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வில்தான் காமிக்ஸின் உயிர் இருக்கிறது. அந்தத் தேர்வுக்குக் கைத்திறன் வேண்டாம். நான்கு பேரும் சரிசமமாக உட்கார்ந்து வாதாடலாம்.

எனவே குழுவாகச் செய்ய வேண்டியது தீர்மானிப்பது; வரைவது தனித்தனியே நடக்கட்டும். முதலில் கதையை வாயால் சொல்லவை, நால்வருக்கும் அது ஒன்றுபோல் ஆகும்வரை. பிறகு கச்சாத்தாளில் நான்கு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று பேசி முடிவெடுக்கட்டும். அவரவர் பென்சிலில் வரைந்ததும், வசனம் இல்லாமல் அடுத்த குழுவிடம் காட்டச் சொல். அவர்கள் தடுமாறும் இடத்தைத் திருத்திய பிறகே மை. வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பேச்சுப் பலூன் போடப் பழக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பலூனை முதலில் போட்டால் எழுத்து நெருக்கியடிக்கும்.

ஒரே பாத்திரம் நான்கு கட்டத்திலும் நான்கு ஆளாகத் தெரியுமே என்பார்கள். ரெட்டைச் சடை, கோடு போட்ட சட்டை என்று ஓர் அடையாளத்தைக் குழுவே முடிவு செய்துவிட்டால் வாசகர் குழம்பமாட்டார். நன்றாக வரையும் பிள்ளைக்கு இது தடையாகாதா என்ற கேள்வி இன்னும் கனமானது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு முழுக் கட்டம் இருக்கிறது. தனியாக ஒரு பக்கம் வரைய ஆசைப்பட்டால் தாராளமாகத் தாள் கொடு. மற்றவர் கட்டத்தில் கைவைக்க மட்டும் அனுமதிக்காதே. அந்த விதி உனக்கும் உண்டு: எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பிள்ளையின் பென்சிலை வாங்கித் திருத்தாதே.

கடைசி நாளில் பெற்றோர் வந்து சுவரொட்டியைப் பார்க்கும்போது, மூன்றாம் கட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று குழுவில் யாரையாவது கேள். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் காரணம் வந்தால் பட்டறை நன்றாக நடந்திருக்கிறது. எல்லோரும் ஒருவனையே கைகாட்டினால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்த முறை வேலையை வேறு விதமாகப் பிரித்துக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்