ஓடவும் நிற்கவும் அறிந்தவர்

நுழையும்முன்

விரைவு ஒரு திறன். நிதானம் மற்றொரு திறன். இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது. அவ்விரண்டையும் ஒரே களத்தில் சோதிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் சிறந்து விளங்கிய ஜெர்மானிய வீராங்கனை ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பனியும் துப்பாக்கியும்

பனிச்சறுக்கு ஓட்டத்தையும் துப்பாக்கி சுடுதலையும் இணைத்த குளிர்கால விளையாட்டு பயத்லான் ஆகும். வீரர்கள் 3.5 கிலோகிராமுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் சுமந்தவாறு பனித்தடத்தில் விரைகின்றனர். இடையிடையே சுடுகளத்தில் நின்று, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுடுகின்றனர். பெரும்பாலான போட்டிகளில், தவறும் ஒவ்வோர் இலக்குக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்றைக் கூடுதலாக ஓட வேண்டும். ஓடி வந்தவருக்கு மூச்சிரைக்கும், நெஞ்சு படபடக்கும். அப்படபடப்பு துப்பாக்கி முனையையும் அசைத்துவிடும். ஆகவே, விரைந்து ஓடுவோர் அனைவரும் இதில் வென்றுவிடுவதில்லை.

இளமையில் வெற்றி

மக்தலேனா நொய்னர் 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷென் நகரில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அமைந்த வால்காவ் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், ஒன்பது வயதில் இவ்விளையாட்டைப் பழகத் தொடங்கினார். 2007இல் இத்தாலியில் நடைபெற்ற உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அப்போட்டியின்போதுதான் அவருக்கு இருபது வயது நிறைந்தது.

குறையை எதிர்கொள்ளல்

பனித்தடத்தில் அவருடைய விரைவுக்கு ஈடுகொடுத்தோர் மிகச் சிலரே. ஆயினும், நின்றநிலையில் சுடுவது அவருக்குப் பெருஞ்சோதனையாக இருந்தது. ஓட்டத்தில் ஈட்டிய முன்னிலையைச் சுடுகளத்தில் இழந்த நாள்கள் பல. 2009ஆம் ஆண்டு உலகப் போட்டியில் தனிநபர் பதக்கம் ஒன்றுகூட அவருக்குக் கிட்டவில்லை. அவர் அதனால் துவண்டுவிடவில்லை. உடற்பயிற்சியோடு மனப்பயிற்சியையும் மேற்கொண்டார். மறு ஆண்டில் கனடாவின் வான்கூவர் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

பதக்கத்தினும் பெரிது

அதே ஒலிம்பிக்கில் தொடரோட்டப் போட்டி எஞ்சியிருந்தது. அதில் பங்கேற்றால் மேலும் ஒரு பதக்கம் கிட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. எனினும், அவ்விடத்தைச் சக வீராங்கனைக்கு விட்டுக்கொடுத்தார். ஜெர்மானிய அணி வெண்கலம் வென்றது. அப்பதக்கம் நொய்னரின் கணக்கில் சேரவில்லை. ஆனால், அவ்வணியினர் நால்வரும் பதக்கத்தோடு ஊர் திரும்பினர்.

உச்சியில் விடைபெறல்

2011 டிசம்பரில், அப்பருவத்தோடு ஓய்வுபெறப் போவதாக அறிவித்தார். குடும்பத்தோடு இயல்பான வாழ்வு வாழவே அவர் விரும்பினார். 2012இல், உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை மூன்றாம் முறையாக வென்று, 25ஆம் வயதில் களத்திலிருந்து விடைபெற்றார். வலிமை குன்றியதால் அன்று, நிறைவு அடைந்ததால் அவர் விலகினார். எங்கு விரைவது, எங்கு நிற்பது என்பதைச் சுடுகளம் அவருக்குக் கற்பித்திருந்தது. அப்பாடத்தை அவர் வாழ்விலும் கடைப்பிடித்தார்.

தெரியுமா?

படுத்தநிலையில் சுடும் இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர். நின்றநிலையில் சுடும் இலக்கின் விட்டம் 115 மில்லிமீட்டர். இலக்கு பெரிதாக இருந்தும் நின்று சுடுவதே கடினம். ஏனெனில், படுத்திருப்பவருக்குத் தரை துணை நிற்கிறது.

வினாக்கள்

1. தண்டனைச் சுற்று என்பது யாது?
2. நொய்னர் தம் குறையை எதிர்கொண்ட முறையை விளக்குக.
3. தொடரோட்டத்தில் நொய்னர் எடுத்த முடிவு சரியானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.