வேப் வாங்குவது கடையிலா, கைப்பேசியிலா? விலை கேட்ட தம்பிக்கு ஒரு பதில்



"டிரெசர் ஐயா, வேப் சாமான் கடையில வாங்குறது நல்லதா, போன்ல வாங்குறது நல்லதா? கடைக்காரன் ஒரு விலை சொல்றான். போன்ல அதுல பாதி விலைதான் போட்டிருக்கு. எதைத்தான் நம்புறது?"

பெக்கோக் பக்கத்தில் குலை வெட்டும் ஒரு தம்பி, கையில் ஏறிய செம்பனை முள்ளை எடுக்க மருந்தகத்துக்கு வந்தபோது என்னிடம் கேட்ட கேள்வி இது. "ரெண்டுமே வேணாம் தம்பி" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிறகு யோசித்துப் பார்த்தேன். விலை கேட்டு வந்தவரிடம் உபதேசம் செய்தால் அவர் காதில் ஏறுமா? விலை கேட்டவருக்கு விலைக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். நீங்கள் வேப் இழுக்காதவராக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது அல்லவா? ஆகவே கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒரு சம்பவம்

ஒரு நாள் மாலை ஐந்து மணி இருக்கும். லயத்திலிருந்து ஓர் அம்மா இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குழந்தை வாயெல்லாம் எச்சில், முகம் வெளுத்துப் போய், இரண்டு தடவை வாந்தி. "ஐயா, அவங்க அப்பா வேப்புக்கு ஊத்துற தண்ணியை எடுத்துக் குடிச்சிருச்சு. மாம்பழ வாசனை அடிக்குதுன்னு வாயில வச்சிருச்சு போல" என்று அழுதார். தோட்டத்து வண்டியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இதில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது?" புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மாம்பழப் படம் இருந்தது. அளவும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. தகப்பனார் விற்றவருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். அதுவரை "பாஸ், பாஸ்" என்று உடனுக்குடன் பதில் போட்டவர், குழந்தை குடித்துவிட்டது என்றதும் பதிலே போடவில்லை. மறுநாள் பார்த்தால் அந்தக் கணக்கே காணோம்.

நல்லவேளை, குழந்தை குடித்தது சிறிதளவுதான். பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்று ஒரு பாடம் கிடைத்தது. விற்கிறவன் வாங்கும்போது எப்படிப் பேசுகிறான் என்பதைப் பார்க்காதீர்கள். கோளாறு வந்த பிறகு எங்கே நிற்கிறான் என்பதைப் பாருங்கள்.

கடை என்ன சொல்கிறது?

நாம் இருப்பது ஜொகூர் மாநிலத்தில். 2015ஆம் ஆண்டு ஜொகூர் சுல்தான், சுல்தான் இப்ராகிம் அவர்கள், மாநிலத்தில் உள்ள வேப் கடைகள் எல்லாம் 2016 ஜனவரி 1 முதல் மூடப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். ஆகவே ஜொகூரில் ஒருவர் உங்களுக்கு வேப் விற்கிறார் என்றால், அது மறைவாக நடக்கும் வியாபாரம். ரசீது கேட்டால் கிடைக்காது. உத்தரவாதச் சீட்டு கேட்டால் சிரிப்பார்கள். மோட்டார் சைக்கிளின் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் சரி, மளிகைக் கடை மேசைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தாலும் சரி, நிலைமை ஒன்றுதான்.

"அண்ணன் தெரிஞ்சவரு, ஏமாத்த மாட்டாரு" என்று சிலர் சொல்கிறார்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

கைப்பேசி என்ன சொல்கிறது?

நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024, அதாவது சட்டம் 852. இது 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சிகரெட்டையும் வேப்பையும் ஒன்றாகச் சேர்த்து இந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முக்கியமாக மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது.
இரண்டு, இணையம் வழியாகவும் காசு போட்டு எடுக்கும் இயந்திரம் வழியாகவும் விற்கக் கூடாது.
மூன்று, விற்கும் பொருள் சுகாதார அமைச்சில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே கைப்பேசியில் "இன்று மட்டும் பாதி விலை" என்று வருகிறதே, அந்த விற்பனையே சட்டத்துக்குப் புறம்பானது. "கடையா, கைப்பேசியா?" என்று கேட்ட தம்பிக்கு இதுதான் முதல் பதில். ஜொகூரில் கடையும் மூடிய கதவு, இணையமும் மூடிய கதவு. ஜன்னல் வழியாகக் கை நீட்டி விற்கிறவர்களைத்தான் நாம் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் பல பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனை இன்னும் கடுமையாகிவிட்டது. பையில் மறந்து வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினால் அபராதம் விழும், வேலையும் போகலாம்.

இப்போது விலைக் கணக்கு

பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். நிகோடின் கலந்த வேப் திரவத்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு மில்லி லிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. 10 மில்லி புட்டி என்றால் வரி மட்டும் 4 வெள்ளி. திரவத்தின் விலை வேறு, புட்டி விலை வேறு, கொண்டு வரும் செலவு வேறு, விற்கிறவர் லாபம் வேறு.

இப்போது ஒருவர் 10 மில்லி புட்டியை 5 வெள்ளிக்கு வீட்டு வாசலுக்கே அனுப்புகிறேன் என்கிறார். வரி 4 வெள்ளி போனால் மிச்சம் 1 வெள்ளி. அந்த 1 வெள்ளியில் திரவம், புட்டி, பார்சல் செலவு, லாபம் எல்லாம் அடங்குமா? அடங்காது. ஆகவே அவர் வரி கட்டியிருக்க மாட்டார். வரி கட்டாத பொருளைப் பதிவு செய்திருப்பாரா? பதிவில்லாத பொருளின் உள்ளே இருப்பதை யார் சோதித்தார்கள்? மலிவு விலை என்பது சலுகை அல்ல தோழர்களே. சோதனை செய்யும் செலவையும் வரியையும் மிச்சம் பிடித்துவிட்டு, ஆபத்தை உங்கள் தலையில் கட்டுவதுதான் அந்த மலிவு.

இன்னொரு கணக்கும் போடுங்கள். ஒரு நாளைக்கு 5 வெள்ளி இதற்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 150 வெள்ளி. ஆண்டுக்கு 1,800 வெள்ளி. 2025இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியானால் வருஷத்தில் ஒரு முழு மாதம் வெயிலிலும் மழையிலும் குலை வெட்டியது வெறும் புகைக்காக! அந்தச் சம்பளத்தைப் போராடி வாங்கியது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோளாறு வந்தால் யார் பொறுப்பு?

நீங்கள் ஒரு மின்விசிறி வாங்கி அது ஓடவில்லை என்றால் ரசீதோடு கடைக்குப் போகலாம். கடைக்காரர் கேட்கவில்லை என்றால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். வக்கீல் தேவையில்லை. இது நமக்குள்ள உரிமை. அரிசி, சட்டி, கைப்பேசி எது வாங்கினாலும் இந்த உரிமையை விடாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் மறைவாக வாங்கிய வேப் கருவி சார்ஜ் போடும்போது வெடித்தால் யாரிடம் போவீர்கள்? விற்றவர் பெயர் தெரியாது, ரசீது கிடையாது, கடை கிடையாது. கருவிக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. மட்டமான பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கும். நம் ஆட்கள் இரவு முழுக்கத் தலையணை ஓரத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். பலகை வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீடும் சேர்ந்துதான் போகும்.

உள்ளே இருப்பது என்ன?

வேப் கருவியில் ஒரு சிறிய கம்பிச்சுருள் சூடாகிறது. அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகி நெஞ்சுக்குள் போகிறது. திரவத்தில் சாதாரணமாக இருப்பவை கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், வாசனைச் சரக்கு, நிகோடின். நிகோடின் என்பது புகையிலையில் உள்ள அதே சத்து. இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்ச் சேரும். அதனால்தான் விட முடியாத பழக்கமாகிறது.

நிகோடின் ஒரு காலத்தில் பூச்சி மருந்தாகவே பயன்பட்டது. நீங்கள் மருந்து அடிக்கப் போகும்போது கையுறை, முகமூடி கேட்டு வாங்குகிறீர்கள். அதே ஜாதி விஷத்தை மாம்பழ வாசனையோடு வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். தோலில் பட்டாலும் உடம்புக்குள் இறங்கும் சரக்கு அது.

பதிவில்லாத புட்டிகளில் வேறு சரக்கும் கலக்கிறது. செயற்கைப் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களை நம் நாட்டுப் போலீசார் பல முறை பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் திடீரென்று ஒரு நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,800க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த சரக்கு. தெரிந்தவர் கையிலும், கள்ளத்தனமாகவும், இணையத்திலும் வாங்கியது. அதைக் கெட்டியாக்க வைட்டமின் 'ஈ' அசிடேட் என்ற எண்ணெயைக் கலந்திருந்தார்கள். மாத்திரையாக விழுங்கினால் தீங்கு செய்யாத பொருள், நெஞ்சுக்குள் ஆவியாகப் போனதும் ஆளைக் கொன்றது.

இது நமக்குப் புதிய கதை அல்ல. சம்சு குடித்துக் கெட்ட குடும்பங்களை நம் தோட்டங்கள் பார்த்திருக்கின்றன. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த நம்மைப் போன்ற தொழிலாளிகள். மலிவாகக் கிடைத்தது என்றுதான் அவர்களும் வாங்கினார்கள்.

"சிகரெட்டை விட இது பரவாயில்லையாமே?"

இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். சிகரெட்டில் புகையிலை எரிந்து தார் உண்டாகிறது. வேப்பில் அது இல்லை. இங்கிலாந்தில் பல வருஷம் சிகரெட் பிடித்தவர்கள் அதை விடுவதற்கு வேப்பை ஒரு வழியாகச் சொல்கிறார்கள். ஆனால் அது சோதித்த பொருள், ஆலோசனையோடு கொடுப்பது, பெரியவர்களுக்கு மட்டும். ஒருநாளும் சிகரெட் தொடாத பிள்ளைக்கு அது புதிய அடிமைத்தனம். நம் நாட்டுச் சுகாதார ஆய்வுப்படி, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் வேப் இழுப்போர் 2017இல் 100க்கு 9.8 பேர். 2022இல் 14.9 பேர். ஐந்தே வருஷத்தில் இவ்வளவு ஏற்றம்!

வீட்டில் விபத்து நேர்ந்தால்

1. குழந்தை திரவத்தைக் குடித்துவிட்டால் வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வண்டி இல்லையென்றால் 999க்குக் கூப்பிடுங்கள்.
2. தோலில் கொட்டினால் துணியைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு வாருங்கள்.
3. எச்சில் வடிதல், வாந்தி, வெளிறுதல், வியர்வை, நடுக்கம், வலிப்பு, இவை நிகோடின் விஷத்தின் அறிகுறிகள். காத்திருக்கக் கூடாது.
4. புட்டியைக் கையோடு எடுத்து வாருங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். யாரையும் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை அல்ல. உயிரைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை.

விட நினைப்பவருக்கு

அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவு இருக்கிறது. வேப் இழுப்பவர்களும் போகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், தலை வலிக்கும். சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். ஆசை வரும்போது ஐந்து நிமிஷம் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் ஆசை இறங்கிவிடும்.

முள் குத்திய தம்பி மறுபடி கட்டு மாற்ற வந்தார். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 1,800 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவா ஐயா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விட்டாரா என்று இன்னும் தெரியாது. கிளினிக்குக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

கிளைக் கூட்டத்தில் பேச சில கேள்விகள்

1. ஜொகூரில் வேப் கடைகள் எப்போது மூடப்பட்டன? இணைய விற்பனை எப்போது தடையானது?
2. 15 மில்லி புட்டிக்கு 40 காசு வீதம் வரி எவ்வளவு? அதைவிட மலிவாக விற்றால் அதன் பொருள் என்ன?
3. குழந்தை திரவத்தைக் குடித்துவிட்டால் செய்யக் கூடாதது எது?
4. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை யார் விற்கிறார்கள்? கிளை என்ன செய்யலாம்?

நான்காவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை நீங்கள்தான் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.