காம்பவுண்டு ஓரத்து நித்தியகல்யாணி

அன்புத் தங்கைக்கு,

'ஆப்பிரிக்க மூலிகை புற்றுநோயை அழிக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அனுப்பி, இதையெல்லாம் எப்படிச் சோதிப்பார்கள் என்று கேட்டிருந்தாய். பதில் உன் ஆவடி வீட்டு வாசலிலேயே இருக்கக்கூடும். அங்கும் அம்பத்தூரிலும் காம்பவுண்டுச் சுவரோரம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் நித்தியகல்யாணியின் சொந்த ஊர், ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவு. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் சேர்க்காதவர்களும் உண்டு. ஆடு மாடு வாய் வைக்காது. இலையின் ஆல்கலாய்டுகள் அப்படி.

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து உறையில் வந்த சில இலைகள் கனடாவில் ஆய்வாளர் ராபர்ட் நோபிளிடம் சேர்ந்தன. சாற்றை எலிகளுக்குப் புகட்டினார், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார், எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றில் செத்தன. தோல்வி என்று குப்பையில் போட்டிருக்கலாம். அவரோ ஏன் செத்தன என்று பார்த்தார். வெள்ளணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இதுவே ஆயுதமாகுமே! வேதியியலாளர் சார்லஸ் பீர் துணையோடு பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினை 1958-இல் அறிவித்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவின் குழுவும் அதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. வின்பிளாஸ்டினின் உறவான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதற்கு முக்கிய இடம்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்களை இவ்விரு மருந்துகளும் கட்டவிடுவதில்லை. பிரிய முடியாத செல் சாகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். நம் தென்மாவட்ட மானாவாரி நிலங்களிலும் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் ஏற்றுமதி செய்கிறார்கள்.

இன்றைய ஆய்வகத்தில் முதல் படி எளிது. புற்றுநோய்ச் செல்களைச் சிறு குழிகளில் வளர்த்து, சாற்றை வெவ்வேறு அளவில் விட்டு, மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். நிறம் குறைந்தால் செல் செத்திருக்கலாம். பாதிச் செல்களைக் கொல்ல எவ்வளவு தேவை என்று கணக்கிடுவார்கள். சாறில்லாமல் கரைப்பான் மட்டும் விட்ட குழியும் பக்கத்தில் இருக்க வேண்டும்; ஏனென்றால் கரைப்பானே செல்லைக் கொல்லலாம். ஆரோக்கியமான செல்கள் பிழைக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடரும்தான் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும்!

நீ அனுப்பிய செய்தி பெரும்பாலும் இந்தக் குழியோடு நிற்கிறது. அதற்குப் பிறகுதான் விலங்கு, பின்பு மனிதர். நித்தியகல்யாணி மருந்தானது என்பதற்காக வாசல் இலையை அரைத்துக் குடிக்கச் சொல்லாதே. வின்கிரிஸ்டின் நரம்புகளைப் பாதிக்கும். ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டிய அதைத் தவறித் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிர் போகும்.

எல்லாச் செடியும் நித்தியகல்யாணி ஆவதில்லை. தென்னாப்பிரிக்கப் புதர் வில்லோ மரத்திலிருந்து 1980-களில் கிடைத்த காம்பிரெட்டாஸ்டாடின், கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களையே முடக்குவது. பெரும் நம்பிக்கையோடு மனிதச் சோதனைவரை போனது. அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக இன்னும் வரவில்லை.

அன்புடன்,
அண்ணன்