கணினியில் குடும்பப் படங்களைக் காக்கும் முறை



நம் இல்லங்கள் பலவற்றில் பழைய பெட்டி ஒன்று இருக்கும். பிறப்புப் பத்திரங்களோடு, மங்கிப்போன நிழற்படங்கள் சிலவும் அதனுள் உறங்கிக் கொண்டிருக்கும். நம் முன்னோரின் முகங்களை நாம் காண்பதற்கு உள்ள ஒரே வழி, பல குடும்பங்களில் அப்படங்களே. அவற்றைக் கணினியின் துணைகொண்டு காப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்கும். இதனை எழுதத் தூண்டியது நான் செய்த ஒரு பிழையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாட்டியார் இயற்கை எய்தினார். கருமக்கிரியைக்கு அவருடைய பெரிய படம் ஒன்று தேவைப்பட்டது. ரப்பர்த் தோட்டத்து லயத்தின் முன் பாட்டியாரும் பாட்டனாரும் பிள்ளைகளுடன் நிற்கும் படம் ஒன்றே வீட்டில் இருந்தது. அதனை ஸ்கேனர் எனப்படும் வருடியில் இட்டுக் கணினியில் ஏற்றினேன். பாட்டியாரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதே பெயரில் சேமித்தேன். தாளில் இருந்த படம் மீண்டும் மரப்பெட்டிக்குச் சென்றது. மறு ஆண்டு பெட்டியைத் திறந்தபோது, கறையான் அதனை அரித்துவிட்டிருந்தது. கணினியிலோ பாட்டியாரின் முகம் மட்டுமே எஞ்சியிருந்தது. பாட்டனாரின் வேறு படம் எங்களிடம் இல்லை. இன்று என் பிள்ளைகளுக்கு அவருடைய முகத்தைக் காட்ட என்னால் இயலவில்லை.

படம் எண்ணாகும் விதம்

கணினி எண்களை மட்டுமே அறியும். ஆதலால் படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எண்ணாக மாற்றுகிறது வருடி. வருடியின் வழியாகக் கணினியில் ஏறிய முதற்படம் எனப் போற்றப்படுவது, 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பாரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய படமாகும். அவர் எடுத்துக்கொண்டது மூன்று திங்கள் நிரம்பிய தம் மகனின் படம். அகலத்தில் 176, உயரத்தில் 176 என மொத்தம் 30,976 புள்ளிகள் அதில் இருந்தன. இக்கலை ஒரு குடும்பப் படத்தோடு தொடங்கியது எண்ணி மகிழத்தக்கது.

இக்காலத்தில் 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவில் வருடினால், 1,200 புள்ளி அகலமும் 1,800 புள்ளி உயரமும் கிடைக்கும். இரண்டையும் பெருக்க, 2,160,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே மொத்தம் 6,480,000 பைட்டுகள்.

கோப்பு வகைகள்

இவ்வளவு எண்களையும் அப்படியே வைத்தால் இடம் மிகுதியாகச் செலவாகும். அதனைக் குறைக்கப் பிறந்ததே ஜேபெக் என்னும் கோப்பு வகை. இது 1992ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. இதற்கு அடிப்படையான கணித முறையை, பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜேபெக், படத்தை 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை நீக்கிவிடுகிறது. கோப்பு சிறிதாகிறது, ஆனால் நீக்கப்பட்டவை மீண்டும் வாரா. திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமிக்குந்தோறும் படம் மேலும் சிறிது தேயும்.

ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த பெரியோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். மங்கில் வடிந்த பாலை ஆலையில் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் பிழிந்து தகடாக்குவர். தகடு எடுத்துச் செல்ல எளிது. ஆயினும் அத்தகட்டை மீண்டும் பாலாக்க எவராலும் இயலாது. ஜேபெக் படமும் அத்தகையதே.

1986ஆம் ஆண்டில் தோன்றிய டிஃப் வகையில் பொதுவாகவும், 1996ஆம் ஆண்டில் தோன்றிய பி.என்.ஜி. வகையில் எப்போதும், புள்ளி எதுவும் இழக்கப்படுவதில்லை. ஆதலின் மூலப்படத்தை இவ்விரண்டில் ஒன்றாகச் சேமித்தல் நன்று. பிறர்க்கு அனுப்புவதற்கு ஜேபெக் நகல் போதும்.

கோப்பின் பெயரில் ஜேபெக் என்பதை அழித்து பி.என்.ஜி. என எழுதுவது வகை மாற்றமாகாது. உப்பு டின்னின் மேல் சீனி என எழுதினால் உப்பு இனிக்குமோ? மென்பொருளில் திறந்து, வேறு வகையில் சேமித்தலே உண்மையான மாற்றம். அவ்வாறு மாற்றினும், ஜேபெக்கில் முன்பே இழந்தவை திரும்பா.

துணை செய்யும் மென்பொருள்கள்

இர்ஃபான்வியூ என்பது, பொசுனியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான் உருவாக்கி, 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருள். விண்டோஸ் கணினியில் இயங்கும் இது, வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம். நூறு படங்களாயினும் ஒரே முறையில் வகை மாற்றவும் பெயர் மாற்றவும் இதனால் இயலும்.

கிம்ப் என்பது படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் இதனைத் தொடங்கினர். மங்கிய படத்தைத் தெளிவாக்கவும், கீறலையும் கறையையும் மறைக்கவும் இது உதவும். 2012ஆம் ஆண்டில் வந்த இதன் 2.8ஆம் பதிப்பு முதல், சேமி என்னும் கட்டளை கிம்பின் சொந்த வகையிலேயே கோப்பை வைக்கும். ஜேபெக்காக வேண்டுமாயின், ஏற்றுமதி என்னும் வேறு கட்டளையைத் தரவேண்டும். என்னைப் போன்றோர் செய்யும் பிழையைத் தடுக்க இவ்வேற்பாடு பெரிதும் துணைசெய்யும்.

செய்முறை

1. படத்தை மெல்லிய துணியால் துடைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் அளவில் வருடுக. வருடி இல்லையேல், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், கைப்பேசியைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுக்கலாம்.

2. மூலம், நகல் என இரு கோப்புறைகளை உண்டாக்குக. மூலத்தில் உள்ள எதனையும் திருத்தற்க. வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில் மட்டுமே நிகழ்க.

3. ஆண்டினை முதலில் வைத்துப் பெயரிடுக. 1968 லயம் பாட்டி தாத்தா என்பது போல எழுதினால், படங்கள் காலவரிசையில் தாமே அமையும்.

4. படத்தில் நிற்போர் யாவர் என்பதை, இடமிருந்து வலமாக, வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதி அதே கோப்புறையில் வைத்திடுக. இதனை ஒத்திப்போடலாகாது. மென்பொருள் கறையை நீக்கும். பெயரை அறிந்து கூறாது.

5. மூன்று படிகள் எடுத்திடுக. ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறூரில் வாழும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் வந்தாலும் ஒன்றேனும் எஞ்சும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். மூலத்தை ஆவணமாக இணைத்து அனுப்புக.

மாணவச் செல்வங்களே! வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். பாட்டியின் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு முகத்தையும் சுட்டிக்காட்டிப் பெயர் கேளுங்கள். பெற்றோர்களே! கணினி இல்லையெனத் தயங்காமல், பள்ளியிலோ உறவினரிடமோ உதவி நாடுங்கள். என் பாட்டனாரின் முகம் என் கையாலேயே மறைந்தது. உங்கள் பாட்டனாரின் முகம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

பயிற்சி

1. மேற்கண்ட 4 அங்குல, 6 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளி என வருடினால் எத்தனை பைட்டுகள் ஆகும்?
2. மூலப்படத்தை ஜேபெக் வகையில் சேமிக்கலாகாது என்பது ஏன்?
3. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய படத்தில் இருப்போர் பெயர்களைப் பெரியோரைக் கேட்டு எழுதுக.